தெருவிளக்கின் தொப்பி பிறந்த கதை

அமெரிக்க ஊர்களில் பட்டப்பகலில் ஒரு தெருவிளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தால், மின்துறை ஆட்கள் அதை ‘டே பர்னர்’ என்பார்கள். வரிசையில் மற்ற விளக்குகளெல்லாம் விடிந்ததும் அணைந்திருக்கும். இது மட்டும் உச்சிவெயிலிலும் எரியும். நம் ஊரிலிருந்து போன ஒருவர் பார்த்தால், எந்த மகராசன் அணைக்க மறந்தானோ என்றுதான் நினைப்பார். அணைக்க அங்கே ஆளே கிடையாது. விளக்கின் தலையில் கவிழ்த்துவைத்த சின்ன டம்ளர் மாதிரி ஒரு தொப்பி இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போடுவதும் விடிந்ததும் அணைப்பதும் அதன் வேலை. அது கெட்டுப்போனதால் விளக்கு பகலில் எரிகிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தொப்பி கெட்டால் விளக்கு எரிந்தபடியே இருக்க வேண்டும் என்று அதைச் செய்தவர்களே தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். ஒரு விளக்கு பகலில் எரிந்தால் கொஞ்சம் மின்சாரம் வீண். இரவில் எரியாவிட்டால் இருட்டில் யாராவது விழுந்து வைப்பார்கள். இரண்டில் எது தேவலாம் என்று யோசித்துத்தான் உள்ளே உலோகப் பட்டையை மடக்கியிருக்கிறார்கள்.

அந்தத் தொப்பிக்குப் பெயர் போட்டோசெல். நம் எலக்ட்ரிக் கடைகளில் ‘டே-நைட் சென்சார்’ என்று கேட்டால் இதன் தம்பியை எடுத்துக் கொடுப்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பொருளின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டவர்களிடம் போய் நிற்போம்.

ஆளுக்கொரு கணக்கு

1817-இல் ஸ்வீடன் வேதியியலாளர் யோன்ஸ் யாக்கோப் பெர்சீலியஸ், கந்தக அமிலத் தொழிற்சாலையின் கசடில் ஒரு புதிய தனிமத்தைக் கண்டார். ஏற்கெனவே அறிந்திருந்த டெல்லூரியத்தை அது ஒத்திருந்தது. டெல்லூரியத்துக்கு லத்தீனில் பூமியின் பெயர் வைத்திருந்தார்கள். அதனால் இதற்குக் கிரேக்கத்தில் நிலவின் பெயரை எடுத்துச் செலினியம் என்று வைத்தார். பெயர் வைத்தபின் அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தத் தனிமம் மின்சாரக்காரர்களுக்குப் பெரிதாகப் பயன்படவில்லை.

அதன்பின் கடலடித் தந்திக் கம்பிகளின் காலம் வந்தது. கப்பலிலிருந்து கம்பியை இறக்க இறக்க, அதன் மின்காப்பு எங்காவது கிழிந்திருக்கிறதா என்று விடாமல் சோதித்துக்கொண்டே போக வேண்டும். அந்தச் சோதனைக்குக் கரையில் உள்ள நிலையத்தில் மிக உயர்ந்த மின்தடை கொண்ட ஒரு பொருள் தேவைப்பட்டது. ஆங்கிலேய மின்பொறியாளர் வில்லோபி ஸ்மித் செலினியத்தை எடுத்துப் பார்த்தார். 5 முதல் 10 சென்டிமீட்டர் நீளமும், ஒரு மில்லிமீட்டர் அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனும் உள்ள செலினியக் குச்சிகள். ஒவ்வொன்றையும் கண்ணாடிக் குழாயில் காற்றுப் புகாமல் அடைத்து, இரு முனையிலும் பிளாட்டினம் கம்பி நீட்டி வைத்தார்கள். தடை வேண்டிய அளவுக்கு இருந்தது. சில குச்சிகள் 1400 மெகாஓம் வரை காட்டின.

ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. ஒரே குச்சியை ஒருவர் அளந்தால் ஒரு எண் வந்தது. இன்னொருவர் அளந்தால் வேறு எண் வந்தது. கருவியைச் சந்தேகித்திருக்கலாம், ஆளைச் சந்தேகித்திருக்கலாம். ஸ்மித்தும் அவருடைய உதவியாளர் ஜோசப் மேயும் குச்சியையே சந்தேகித்தார்கள். குச்சிகளை நகரும் மூடி போட்ட பெட்டிக்குள் வைத்து மூடினால் தடை உச்சத்தில் நின்றது, ஆடாமலும் இருந்தது. மூடியைத் திறந்த மாத்திரத்தில் மின்சாரம் கூடுதலாக ஓடியது. வெளிச்சத்தின் அளவைப் பொறுத்து 15 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை கூடியது. சில அடி தள்ளி எரிந்துகொண்டிருந்த சாதாரண கேஸ் விளக்குக்கு முன்னால் கையைக் குறுக்கே கொண்டுபோனாலே போதும், தடை 15 முதல் 20 சதவீதம் ஏறியது.

இது வெளிச்சத்தின் வேலையா, விளக்கின் சூட்டின் வேலையா? அதையும் ஸ்மித் விடவில்லை. குச்சியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, மேலே ஓர் அங்குலத் தண்ணீரைக் கடந்து வெளிச்சம் வரும்படி செய்தார். அப்போதும் அதே கதை. தண்ணீருக்கு மேலே ஒன்பது அங்குலத்தில் மெக்னீசியம் நாடாவைக் கொளுத்திப் பிடித்தபோது தடை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விழுந்தது. சுடர் அணைந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பியது. 1873 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் ஒரு சின்னக் கடிதமாக இதை எழுதினார். கடலடிக் கம்பிக்காக எடுத்த குச்சிகள்தான் அவை. வெளிச்சத்தைப் பார்த்து மின்சாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் பொருள் ஒன்று உலகத்துக்குக் கிடைத்தது. 1880-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒளிக்கற்றையில் பேச்சை அனுப்பும் ‘போட்டோபோன்’ செய்தபோது, மறுமுனையில் காதாக வைத்தது இந்தச் செலினியத்தைத்தான்.

கேஸ் விளக்குக்கும் குச்சிக்கும் நடுவே நீண்ட அந்தக் கையை மறந்துவிடாதீர்கள். கடைசியில் அது திரும்ப வரும்.

மின்சாரமே இல்லாத ஒரு கண்

வெளிச்சத்தைப் பார்த்து விளக்கை அணைக்கும் வேலையை முதலில் ஊரறியச் செய்து காட்டிய சாதனத்தில் மின்சாரம் துளியும் இல்லை. அதைச் செய்தவர் குஸ்தாவ் டாலேன். ஸ்வீடன் நாட்டு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. இளவயதில் பாலின் கொழுப்பை அளக்கும் கருவி ஒன்று செய்து, அதைப் பாலிலிருந்து பாலேட்டைப் பிரிக்கும் இயந்திரத்துக்குப் பேர்போன குஸ்தாவ் டெ லாவாலிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, போய்ப் படி என்று அனுப்பினார். படித்துப் பொறியாளராகி, அசெட்டிலீன் வாயுவில் விளக்கு செய்யும் நிறுவனத்தில் சேர்ந்தார். பிற்காலத்தில் ‘ஆகா’ (AGA) என்ற பெயரில் உலகம் அறிந்த நிறுவனம் அது.

ஸ்வீடனின் கரையோரம் பாறைகளும் குட்டித் தீவுகளுமாக நிறைந்தது. ஒவ்வொரு பாறையிலும் விளக்கு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காவலுக்கு ஆள் வைக்க முடியாது. ஆளில்லாமல் வாயு விளக்கை வைத்தால் பகலிலும் எரிந்து வாயுவைத் தீர்த்துவிடும். இதற்கு 1907-இல் டாலேன் கண்டதுதான் ‘சூரிய வால்வு’.

அதன் அமைப்பைக் கேட்டால், இவ்வளவுதானா என்று தோன்றும். கண்ணாடிக் குடுவைக்குள் நான்கு உலோகத் தண்டுகள். சுற்றி நிற்கும் மூன்றும் தங்க முலாம் பூசிப் பளபளக்கும். நடுவில் நிற்கும் ஒன்று கருப்பு. பகல் வெளிச்சம் பட்டால் பளபளக்கும் தண்டுகள் அதைத் திருப்பி அனுப்பிவிடும். கருப்புத் தண்டு வாங்கிக்கொண்டு சூடேறி ஒரு மயிரிழை நீளும். அந்த மயிரிழை ஒரு நெம்புகோலை அழுத்தி வாயுவை அடைத்துவிடும். இருட்டினால் சுருங்கி வாயுவைத் திறக்கும். ஓரமாக எரிந்துகொண்டிருக்கும் பொடிச்சுடர் விளக்கைப் பற்றவைக்கும். கோடையில் காற்று சூடானால் விளக்கு ஏமாந்து அணைந்துவிடாதா? அணையாது. காற்றின் சூட்டில் நான்கு தண்டுகளும் ஒன்றாக நீளும், ஒன்றாகச் சுருங்கும். கருப்புக்கும் பளபளப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் வால்வு கணக்கில் எடுக்கும்.

1912-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசை, கலங்கரை விளக்கங்களுக்கும் கடல் மிதவைகளுக்குமான தானியங்கிக் கருவிகளுக்காக டாலேனுக்குக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில், வாயு உருளைகளின் பாதுகாப்பைச் சோதிக்கும்போது ஒன்று வெடித்து அவருக்குப் பார்வை போய்விட்டது. பரிசை வாங்க மேடையேறியவர் அவருடைய அண்ணன் ஆல்பின், கண் மருத்துவர். பார்வை போனபின் டாலேன் வீட்டில் முடங்கவில்லை. 1937-இல் இறக்கும்வரை நிறுவனத்தை நடத்தினார்.

தொப்பிக்குள் என்ன இருக்கிறது

மின்விளக்கு தெருவுக்கு வந்தபின்னும் வெகுகாலம் அதைப் போட்டு அணைக்க ஆளோ கடிகாரமோ தேவைப்பட்டது. கடிகாரத்துக்கு மேகமூட்டம் தெரியாது. கார்த்திகையில் சீக்கிரம் இருட்டும், ஆனியில் நேரமாகும் என்று யாராவது அடிக்கடி போய் முள்ளைத் திருப்பிவைக்க வேண்டும். செலினியம் நம்பத்தகுந்த கண்ணாக இல்லை. வெற்றிடக் குழாயில் செய்த போட்டோசெல்கள் வந்தன. அவற்றின் பலவீனமான மின்சாரத்தைப் பெருக்கித் தர வேறொரு சாதனம் வேண்டும். கம்பத்துக்குக் கம்பம் அதை வைத்துக் கட்டுப்படியாகாது.

வழி திறந்தது காட்மியம் சல்பைடு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சந்தைக்கு வந்த இந்தப் பொருள், இருட்டில் மின்சாரத்தை ஏறக்குறைய விடவே விடாது. வெளிச்சம் பட்டால் தாராளமாக விடும். பெருக்கி எதுவும் இல்லாமல் ஒரு சின்ன ரிலேயை அதுவே இயக்கும். நம் கண்ணுக்கு எந்த நிறங்கள் பிரகாசமாகத் தெரியுமோ ஏறக்குறைய அதே நிறங்கள்தான் அதற்கும் தெரியும். நமக்கு இருட்டினால் அதற்கும் இருட்டும். கேமராக்களின் ஒளி அளவிகளிலும் இதுதான் குடியேறியது.

அமெரிக்காவின் பழைய மாதிரித் தொப்பி ஒன்றைக் கழற்றினால், அடியில் வளைந்த மூன்று பித்தளைக் கால்கள் தெரியும். அதில் ஒன்று மட்டும் பெரிது, அது நியூட்ரல். தப்பாகச் செருகவே முடியாதபடி அதைப் பெரிதாக வைத்திருக்கிறார்கள். விளக்கின் தலையில் உள்ள குழியில் அழுத்தித் திருகினால் பூட்டிக்கொள்ளும். குழிக்கு வரும் கம்பிகள் மூன்று. கருப்பில் மின்சாரம் வரும், சிவப்பில் விளக்குக்குப் போகும், வெள்ளை நியூட்ரல். எந்த நிறுவனத்தின் தொப்பியும் எந்த நிறுவனத்தின் விளக்கிலும் உட்காரும்படி கால்களின் அளவைத் தேசியத் தரமாக்கிவிட்டார்கள். ஏணியில் நிற்பவருக்கு ஒரு கை வேலை: பழையதைத் திருகி எடு, புதியதைத் திருகி வை.

மேல்மூடியைத் திறந்தால், வெளிச்சம் உள்ளே வரும் ஜன்னலோரமாக ஒரு சட்டைப் பொத்தான் அளவில் வட்டத் தகடு. அதன்மேல் பாம்பு நெளிவது போல ஒரு கோடு. அதுதான் காட்மியம் சல்பைடு கண். பக்கத்தில் ஒரு சூடேற்றும் தடை. அதை ஒட்டி, வெவ்வேறு அளவில் நீளும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த மெல்லிய பட்டை. வெளிச்சம் பட்டால் கண் வழியாக மின்சாரம் ஓடி, தடை சூடேறி, பட்டை வளைந்து இணைப்பைப் பிரிக்கும், விளக்கு அணையும். இருட்டினால் எல்லாம் ஆறி, பட்டை நிமிர்ந்து இணைப்பைச் சேர்க்கும், விளக்கு எரியும். ஒரு தண்டு சூடாகி நீள்கிறது என்ற டாலேனின் அதே யோசனை இங்கே வேறு வேடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது தொடக்கத்தில் பார்த்த ‘டே பர்னர்’ விஷயத்துக்கு வரலாம். பட்டையின் இயல்பு நிலை, அதாவது ஆறிக் கிடக்கும் நிலை, இணைப்பு சேர்ந்திருக்கும் நிலை. கண் உடைந்தாலும், சூடேற்றும் தடை கருகினாலும், தொப்பிக்கு வரும் நியூட்ரல் தளர்ந்தாலும் பட்டைக்குச் சூடு கிடைக்காது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே பகலில் எரியும் விளக்கு ஒரு புகார் மனு மாதிரி. தன் கண் போய்விட்டது என்று அதுவே ஊருக்குச் சொல்கிறது. இரவில் அணைந்து கிடந்தால் யாராவது இருட்டில் இடறிய பிறகுதான் தெரியவரும்.

ஜன்னலில் கட்டைவிரலை வைத்து மூடினால் உடனே எதுவும் நடக்காது. கொஞ்சம் பொறுத்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், விளக்கு எரியும். விரலை எடுத்தால் மறுபடியும் காத்திருக்க வேண்டும். பட்டை சூடேறி ஆறுவதற்கான இந்தத் தாமதம் தெரிந்தே வைத்தது. இரவில் மின்னல் வெட்டினாலும், லாரியின் விளக்கு அடித்துவிட்டுப் போனாலும் தொப்பி பதறக் கூடாது. அதேபோல, எரியவைக்கும் வெளிச்ச அளவும் அணைக்கும் அளவும் ஒன்றாக இருக்காது. ஏறக்குறைய 10 லக்ஸுக்கு வெளிச்சம் இறங்கும்போது எரியவைத்தால், அதைவிட அதிக வெளிச்சம் வந்த பிறகே அணைக்கும். இல்லாவிட்டால் ஒரு மேகத் துண்டுக்கு விளக்கு பத்துத் தடவை கண் சிமிட்டும். நண்பகல் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். பௌர்ணமி நிலா கால் லக்ஸ். 10 லக்ஸ் என்பது வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குகிறவர், போதும் என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகும் நேரம்.

தொப்பியில் ஓர் அம்புக்குறியும் இருக்கும். ஜன்னலை வடக்கே பார்த்துத் திருப்பு என்று அதற்கு அர்த்தம். அமெரிக்காவின் பெருநிலத்தில் உச்சிப்பொழுது சூரியன் எப்போதும் தெற்குப் பக்கமாகவே இருக்கும். வடக்கே திருப்பினால் நேர்வெயில் கண்ணைச் சுடாது. தமிழ்நாட்டில் இந்த விதி ஆண்டு முழுவதும் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிப்பொழுது சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். விதி எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊர் வானத்தை நினைத்து எழுதியது. வேறு ஊருக்கு எடுத்துப் போகும்போது நிமிர்ந்து மேலே ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

விதி நூலுக்குள் நுழைந்த தொப்பி

அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு 1897-இல் முதலில் வந்தது. 1911 முதல் அதைப் பராமரிப்பது தேசியத் தீத்தடுப்புச் சங்கம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். மின்நிறுவனத்துக்குச் சொந்தமான தெருவிளக்கு இந்த நூலில் வராது. அதற்கு வேறு நூல். வீட்டு வாசல், கடை முகப்பு, வாகன நிறுத்தம், விளம்பரப் பலகை ஆகியவற்றின் விளக்குகள் எல்லாம் இதற்குள் வரும்.

போட்டோசெல் வந்தபோது இந்த நூல் அதைக் கண் என்று பார்க்கவில்லை, சுவிட்ச் என்றே பார்த்தது. ஆள் தட்டினால் என்ன, அந்தி தட்டினால் என்ன? சுவிட்சுக்கு உள்ள விதிகள் எல்லாம் அதற்கும் உண்டு.

முதல் விதி, சுவிட்ச் நியூட்ரலைத் துண்டிக்கக் கூடாது. ஃபேஸைத்தான் துண்டிக்க வேண்டும். அந்த நூலில் 404.2(பி). நியூட்ரலைத் துண்டித்தாலும் விளக்கு அணையத்தான் செய்யும். ஆனால் விளக்கின் உள்ளே ஃபேஸ் உயிரோடு நிற்கும். அணைந்த விளக்குதானே என்று பல்பைக் கழற்றப் போகிறவர், மழையில் நனைந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டின் 1956-ஆம் ஆண்டு மின்சார விதிகளில் 32-ஆவது விதியும் இதையேதான் சொன்னது. நியூட்ரலில் தனியாகச் சுவிட்சோ ஃபியூஸோ வைக்காதே; வைத்தால் ஃபேஸோடு சேர்ந்து ஒன்றாகத் துண்டிக்கும் இணைப்புச் சுவிட்சாக இருக்கட்டும்.

இரண்டாவது விதிக்கு வயது குறைவு. 2011 பதிப்பில் வந்தது. பழைய வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்கு இரண்டே கம்பி வரும்: ஃபேஸ் வந்து, ஃபேஸ் போகும். கையால் தட்டும் சுவிட்சுக்கு அது போதும். எலக்ட்ரானிக் சென்சார் அப்படியில்லை. விளக்கு அணைந்திருக்கும்போதும் அது விழித்திருக்க வேண்டும். விழித்திருக்கத் துளி மின்சாரம் வேண்டும். அந்தத் துளி திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். நியூட்ரல் இல்லாத பெட்டிகளில் அந்தத் துளியை எர்த் கம்பி வழியாக அனுப்பினார்கள். ஒரு சென்சாருக்கு அரை மில்லி ஆம்பியர்தான். ஒரு கட்டடத்தில் நூற்றுக்கணக்கான சென்சார் சேர்ந்தால்? எர்த் கம்பி ஆபத்துக்காலத்துக்கென்று வைத்தது; சாதாரண நாளில் அதில் மின்சாரம் ஓடக் கூடாது. ஆகவே, விளக்கை இயக்கும் சுவிட்ச் பெட்டிகளுக்கு இனி நியூட்ரலையும் கொண்டுவந்து வை என்று 404.2(சி) சொன்னது. சென்சார் இன்று இல்லாவிட்டாலும், நாளை வருகிறவன் எர்த்தைத் தேடாமல் இருக்கட்டும் என்ற முன்யோசனை.

மூன்றாவது விதி வாசல் விளக்குக்கானது. வீட்டு வாசலில் வெளிப்பக்கம் விளக்கு இருக்க வேண்டும், அதைப் போடச் சுவரில் சுவிட்ச் இருக்க வேண்டும் என்பது 210.70-இன் விதி. இருட்டில் சாவித் துவாரத்தைத் தடவுகிற மனிதருக்காக எழுதியது. அப்படியானால் அந்தி வந்தால் தானே எரியும் விளக்கு விதிமீறலா? இல்லை. நடைகூடம், மாடிப்படி, வெளிவாசல் இவற்றில் தானியங்கிக் கட்டுப்பாடு இருந்தாலும் சரி என்று விதியோடு ஒரு விதிவிலக்கு ஒட்டியிருக்கிறது. வாசல் போட்டோசெல்லுக்கு அந்த நூலில் உள்ள பட்டா அந்த ஒரு வரிதான்.

மற்றவை சாதாரண ஜாக்கிரதை. மழை படும் இடம் என்றால் தண்ணீர் புகாத உறை வேண்டும். எவ்வளவு சுமை தாங்கும் என்று தொப்பியில் எழுதியிருப்பதை மீறக் கூடாது. ஒரு தொப்பிக்குப் பல விளக்கை மாட்ட வேண்டுமானால், தொப்பி கான்டாக்டர் என்ற பெரிய ரிலேயை மட்டும் இயக்கட்டும், சுமையைக் கான்டாக்டர் சுமக்கட்டும். எல்.இ.டி. வந்தபின் இதில் ஒரு வேடிக்கை சேர்ந்தது. வாட் குறைந்துவிட்டதே என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் எல்.இ.டி. டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் முதல் நொடியில் ஒரே மடக்கில் மின்சாரத்தை இழுக்கும். அந்த இழுப்பில் ரிலேயின் முனைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு பிரியாமல் போகும். சோடியம் விளக்குக்குப் பல ஆண்டு உழைத்த மாதிரித் தொப்பி, அதைவிடக் குறைந்த வாட் விளக்கில் திணறியது. புதிய தொப்பிகள் மின்அலை பூஜ்ஜியத்தைத் தொடும் கணம் பார்த்து இணைப்பைச் சேர்க்கின்றன.

இருட்டுக்குப் பயந்த காலமும் பில்லுக்குப் பயந்த காலமும்

1973-இன் எண்ணெய் நெருக்கடி இந்தக் கதையை வேறு பக்கம் திருப்பியது. அதுவரை விதி நூல்கள் தீயையும் மின்தாக்குதலையும் பற்றித்தான் கவலைப்பட்டன. இப்போது வீண்செலவும் ஒரு குற்றமானது. அமெரிக்காவின் ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கம் 1975-இல் கட்டடங்களுக்கான எரிசக்தித் தரத்தை வெளியிட்டது; கலிஃபோர்னியா 1978-இல் தனக்கென ஓர் எரிசக்தி விதித்தொகுப்பு வைத்துக்கொண்டது. 2000-01-இல் அந்த மாநிலத்தில் மின்வெட்டு வந்து ஆட்டிவைத்தது. அதற்குப் பிறகு 2005-ஆம் ஆண்டுப் பதிப்பில் வெளிப்புற விளக்குகளையும் உள்ளே இழுத்தார்கள். அதுவரை பாதுகாப்பு நூல் போட்டோசெல்லை ‘இருந்தாலும் சரி’ என்று அனுமதித்தது. எரிசக்தி நூல் போட்டோசெல்லோ சூரியன் உதிக்கும் மறையும் நேரத்தைத் தானே கணக்கிடும் கடிகாரமோ ‘இருந்தே தீர வேண்டும்’ என்றது.

அந்த வாசகம் இந்தியாவுக்கும் வந்தது. 2007-இல் எரிசக்தித் திறன் பணியகம் வெளியிட்ட கட்டட எரிசக்தி விதித்தொகுப்பில், வெளிப்புற விளக்குகளை ஒளியுணரி அல்லது வானியல் நேரச் சுவிட்ச் கட்டுப்படுத்த வேண்டும், பகல் வெளிச்சம் இருக்கும்போது அவை தானே அணைய வேண்டும் என்று இருக்கிறது. 2017 பதிப்புப்படி, 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் இணைப்புச் சுமை உள்ள வணிகக் கட்டடங்களுக்கானது அந்தத் தொகுப்பு.

இப்போது இரண்டு நூல்களும் ஒரே தொப்பியை இரண்டு பக்கம் இழுக்கின்றன. பழைய புத்தி, கெட்டால் எரி என்கிறது. புதிய விதி, பகலில் எரியாதே என்கிறது. தயாரிப்பாளர்கள் கெட்டால் எரியும் தொப்பி, கெட்டால் அணையும் தொப்பி என்று இரண்டு ரகமாகவே விற்கிறார்கள். எந்த இடத்துக்கு எது என்று வாங்குகிறவர் முடிவு செய்ய வேண்டும். காட்மியம் நச்சு உலோகம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் மின்னணுப் பொருள்களில் அதற்குக் கடுமையான வரம்பு வைத்தது. அந்த இடத்தைச் சிலிக்கான் கண்கள் பிடித்தன. மூன்று கால் தொப்பிக்குக் கூடுதலாக நான்கு தொடுமுனைகள் முளைத்திருக்கின்றன. அவை வழியாக விளக்கை மங்கவைக்கலாம். விளக்கு பகலில் எரிந்தால் அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பும் தொப்பிகளும் வந்துவிட்டன. தன் கண் போய்விட்டது என்று இனி விளக்கு தெருவுக்குச் சொல்ல வேண்டாம், கணினிக்குச் சொன்னால் போதும்.

கடைசியாக ஒரு விதி. நூலில் அது பல இடங்களில் பலவிதமாக இருந்தாலும் சாரம் ஒன்றுதான். தானாக அணைக்கும் சாதனத்தை மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமாக எண்ணாதே. விளம்பரப் பலகைகளுக்குத் தனியாக, கையால் இயக்கும் துண்டிப்பானை அமெரிக்க விதி கேட்பது இதனால்தான். அது வேலை செய்பவரின் கண்பார்வையில் இருக்க வேண்டும், அல்லது பூட்டிவைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பகல் மூன்று மணி, பலகை அணைந்திருக்கிறது, ஒருவர் ஏணியில் ஏறித் திறந்து கம்பியைத் தொடுகிறார்.  எட்டிப் பார்க்க அவர் சாய்ந்தபோது அவருடைய கையே தொப்பியின் ஜன்னலை மூடிவிடுகிறது. கேஸ் விளக்குக்கு முன்னால் நீண்ட கை செலினியக் குச்சிக்குச் செய்த அதே வேலையை, இவருடைய கை இந்தத் தொப்பிக்குச் செய்யும். கொஞ்ச நேரத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். கம்பியில் உயிர் வந்துவிடும்.

உங்கள் வாசலிலோ மொட்டைமாடியிலோ டே-நைட் சென்சார் போட்ட விளக்கு இருந்தால் இதை மட்டும் நினைவில் வையுங்கள். பல்பு மாற்றப் பகலில் ஏணி ஏறுவதற்கு முன், மெயினை அணையுங்கள், டெஸ்டர் வைத்துப் பாருங்கள், அதன்பிறகு தொடுங்கள். சென்சாருக்குத் தெரிந்தது பகலும் இரவும்தான். ஏணியில் ஆள் நிற்பது அதற்குத் தெரியாது.